மொட்டைக் கடிதம்: ஆயுதமா, அவதூறா?

(கொல்கத்தாவில் நடந்த நமது சங்கக் குடும்பக் கூட்டத்தில் செயற்குழுவின் சார்பில் ஆற்றிய உரை)



இன்றைக்கு விலைவாசியைப் பற்றிப் பேசுவதாகத்தான் துண்டறிக்கையில் போட்டிருந்தோம். விலைவாசி எங்கும் ஓடிப்போய்விடாது, அடுத்த மாதமும் இருக்கும். அதைவிட அவசரமான ஒரு விஷயம் வந்து சேர்ந்துவிட்டது. அதை உங்கள் முன் வைத்து உங்கள் தீர்ப்பைக் கேட்கவே நிகழ்ச்சி நிரலை மாற்றினோம்.

சென்ற மாதம் ஒரே வாரத்தில் நமது சங்கத்துக்கு இரண்டு மின்னஞ்சல்கள் வந்தன. இரண்டிலும் பெயர் இல்லை. அனுப்புநர் என்ற இடத்தில் எழுத்தும் எண்ணும் கலந்த ஏதோ ஒரு முகவரி மட்டும் இருந்தது. முதல் கடிதம் ஓர் ஒப்பந்தக்காரரைப் பற்றியது. மாதாமாதம் கூலியில் வைப்புநிதிக்கென்று நூற்றுக்குப் பன்னிரண்டு பிடிக்கிறார், சம்பளச் சீட்டிலும் அச்சடித்துக் கொடுக்கிறார், ஆனால் கணக்கில் ஒரு காசு ஏறவில்லை என்பது புகார். மூன்று சீட்டுகளின் படங்கள், பெயரை மை பூசி மறைத்து, கூடவே இருந்தன. இரண்டாவது கடிதம் நமது குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்த ஒரு பெண்ணைப் பற்றியது. இரவு வேலைக்குப் போய் வருகிறவர். அதில் என்ன எழுதியிருந்தது என்பதை இந்த மேடையில் நாங்கள் சொல்லப் போவதில்லை.

செயற்குழு இரண்டு மாலைகள் உட்கார்ந்து பேசியது. “இரண்டும் மொட்டைக் கடிதம், இரண்டையும் குப்பையில் போடுங்கள்; தைரியம் இருக்கிறவன் கையெழுத்துப் போட்டு வரட்டும்” என்றனர் சிலர். “ஒன்றை எடுத்து ஒன்றை விட்டால் பாரபட்சம் என்பார்கள், இரண்டையும் விசாரிப்போம்” என்றனர் வேறு சிலர். இரண்டு வாதமும் நியாயம் போலத்தான் தோன்றும். இரண்டுமே தவறு என்பது எங்களில் பெரும்பாலோர் கருத்து. ஏன் என்று விளக்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.

மொட்டைக் கடிதம் என்ற சொல்லிலேயே ஓர் ஏளனம் இருக்கிறது. மொட்டைப் பெட்டிஷன் போட்டான் என்றால் ஊரில் அவனை மனிதனாக மதிக்க மாட்டார்கள். வள்ளுவர் புறங்கூறாமைக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கியிருக்கிறார். இந்தப் பண்பாட்டில் வளர்ந்தவர்கள் நாம். ஆனால் அதே வள்ளுவர் ஒற்றாடலுக்கும் ஓர் அதிகாரம் வைத்திருக்கிறார் என்பதை மறந்துவிடுகிறோம். மறைந்திருந்து கொண்டுவரும் செய்தியே கூடாது என்று அவர் சொல்லவில்லை. ஓர் ஒற்றன் கொண்டுவந்ததை இன்னோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்த்துக் கொள் என்கிறார். இதற்குப் பிறகு வருவோம்.

நாம் பிழைக்க வந்திருக்கும் இந்த நகரத்துக்கும் பெயரில்லாத கடிதத்துக்கும் பழைய உறவு உண்டு. 1769 முதல் 1772 வரை லண்டன் பத்திரிகை ஒன்றில் ‘ஜூனியஸ்’ என்ற புனைபெயரில் கடிதங்கள் வந்தன. மந்திரிகளைக் கிழித்தன, மன்னரையும் விடவில்லை. எழுதியவர் யார் என்று அன்று யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. பிலிப் பிரான்சிஸ்தான் ஜூனியஸ் என்பது இன்று பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. அந்த பிரான்சிஸ் 1774இல் கவுன்சில் உறுப்பினராக இந்தக் கல்கத்தாவுக்கு வந்திறங்கினார். வாரன் ஹேஸ்டிங்ஸோடு ஆறு வருஷம் மல்லுக்கட்டினார். கடைசியில் 1780 ஆகஸ்டில் அலிப்பூரில் இருவரும் துப்பாக்கியால் சுட்டுக்கொண்டனர். அதே 1780 ஜனவரியில் ஜேம்ஸ் அகஸ்டஸ் ஹிக்கி இந்தியாவின் முதல் செய்தித்தாளை இங்கே தொடங்கினார். அதிலும் புனைபெயர்க் கடிதங்கள் தாராளம். சில கம்பெனி அதிகாரிகளின் ஊழலைச் சொல்லின. சில வீட்டுப் பெண்களைப் பற்றிய வெறும் வம்பு. எழுதியவர்கள் மறைவில் இருந்துகொண்டார்கள்; பெயரைப் போட்டு அச்சடித்த ஹிக்கிதான் சிறைக்குப் போனார். 1782இல் அவருடைய அச்செழுத்துகளையும் பறிமுதல் செய்தார்கள். நமக்கு வந்த இரண்டு கடிதங்களின் சண்டை இருநூற்று நாற்பது வருஷத்துக்கு முன்பே இதே ஊரில் ஒரே தாளில் நடந்திருக்கிறது!

“கையெழுத்துப் போட்டு வரட்டும்” என்று சொல்லும் தோழர்களுக்கு ஒரு பெயரை நினைவூட்டுகிறோம். சத்யேந்திர துபே. கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த பொறியாளர். தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தில் வேலை. டில்லியையும் கொல்கத்தாவையும் இணைக்கும் நெடுஞ்சாலையில், பீகார் ஜார்க்கண்ட் பகுதியில், தங்க நாற்கரத் திட்ட வேலைகளைக் கவனித்து வந்தார். அங்கே நடந்த முறைகேடுகளை 2002 நவம்பரில் பிரதமருக்கு எழுதினார். கடிதத்தில் கையெழுத்துப் போடவில்லை. பெயரில்லாக் கடிதத்தை யாரும் மதிக்க மாட்டார்கள் என்பதற்காகத் தன்னைப் பற்றிய விவரத்தைத் தனித் தாளில் வைத்து, இரகசியமாக வைத்திருங்கள் என்று கேட்டுக்கொண்டார். அந்தத் தாளும் சேர்ந்து இலாகா இலாகாவாகச் சுற்றியது. எந்த ஆணையத்தைப் பற்றி எழுதினாரோ அந்த ஆணையத்துக்கே போய்ச் சேர்ந்தது. 2003 நவம்பர் 27 அதிகாலையில் கயாவில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். வயது முப்பதுதான். கொலை வழிப்பறியில் நேர்ந்தது என்றது சி.பி.ஐ.; 2010இல் மூன்று பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. வழிப்பறிதான் என்று நம்பாதவர்கள் இன்றும் நிறையப் பேர். அந்த வாதத்துக்குள் நாங்கள் போகவில்லை. இரகசியம் காப்போம் என்ற நம்பிக்கையில் கொடுத்த பெயர் பியூன் கைகளில் எல்லாம் புரண்டது என்பதில் மட்டும் எவருக்கும் சந்தேகமில்லை.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். இது நம் கண்ணெதிரே யாதவ்பூரில் நடந்தது. வேதியியல் பேராசிரியர் அம்பிகேஷ் மகாபாத்ரா. 2012இல் ரயில்வே மந்திரியை மாற்றிய விவகாரத்தைச் சத்யஜித் ரேயின் ‘சோனார் கெல்லா’ படத்தோடு முடிச்சுப்போட்டு முதலமைச்சரைக் கேலி செய்யும் ஒரு சித்திரம் சுற்றிக்கொண்டிருந்தது. அதைத் தன் குடியிருப்புக் கூட்டுறவுச் சங்கத்தின் மின்னஞ்சலிலிருந்து மற்றவர்களுக்கு அனுப்பினார். மறைக்கவில்லை, ஒளிக்கவில்லை. ஏப்ரல் 12ஆம் தேதி இரவு அவரையும் அந்தச் சங்கத்தின் முதிய செயலாளரையும் போலீஸ் பிடித்துப் போனது. மாநில மனித உரிமை ஆணையம் இருவருக்கும் தலா 50,000 ரூபாய் நஷ்டஈடு கொடுக்கச் சொன்னது. அவர்கள் மேல் போட்ட தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவையே உச்சநீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று செல்லாது என்று தள்ளியது. அப்படியும் வழக்கு ஓயவில்லை! 2023 ஜனவரியில்தான் அலிப்பூர் நீதிமன்றம் பேராசிரியரை விடுவித்தது. அதற்குள் அந்த முதியவர் இறந்துவிட்டார். ஒரு கேலிச் சித்திரத்துக்குப் பேராசிரியருக்கே பதினோரு வருஷம் என்றால், பத்துக்குப் பத்து அறையில் வாடகைக்கு இருந்துகொண்டு, வங்காளியில் ஒரு மனு எழுதத் தெரியாத நம் தொழிலாளி தைரியத்தோடு கையெழுத்துப் போட வேண்டும் என்பது எந்த ஊர் நியாயம்? வேலை போனால் அவனுக்கு அறையும் போகிறது, ரேஷனும் போகிறது, பிள்ளையின் பள்ளிக்கூடமும் போகிறது.

ஆகவே பெயரை மறைப்பதே கோழைத்தனம் என்ற பேச்சை நாங்கள் ஏற்கவில்லை. எவனிடம் அதிகாரம் இல்லையோ அவனுக்கு மறைவு ஒரு கேடயம். எவனிடம் அதிகாரம் இருக்கிறதோ அவன் மறைந்திருந்து எய்தால் அது வேறு. நிர்வாகமே பெயரில்லாமல் தொழிலாளியைப் பற்றி எழுதிப் போடுவதையும் நாம் பார்த்திருக்கிறோம்.

சர்க்கார் என்ன சொல்கிறது? பெயரில்லாப் புகார் மேல் நடவடிக்கை இல்லை என்பது மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்தின் கொள்கை. துபே கொலைக்குப் பிறகு எழுந்த கூச்சலில் 2004 ஏப்ரலில் ஒரு தீர்மானம் வந்தது. அதன்படி மத்திய அரசு, பொதுத்துறை ஊழல் பற்றி மூடிய உறையில் எழுதலாம். உறையின் மேல் அனுப்புநர் பெயர் கூடாது, உள்ளே மட்டும் இருக்க வேண்டும். ஆணையம் பெயரை மறைத்து வைக்கும். பிறகு 2014இல் தகவல் தருவோரைப் பாதுகாக்கும் சட்டம் ஒன்றை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரும் ஒப்புதல் கொடுத்தார். அந்தச் சட்டம் இதுவரை நடைமுறைக்குக் கொண்டுவரப்படவில்லை. கல்யாணப் பத்திரிகை அடித்தாயிற்று, கல்யாணம்தான் நடக்கவில்லை. நடந்தாலும் பெயரில்லாப் புகாரை எடுக்க மாட்டோம் என்றுதான் அதிலும் எழுதியிருக்கிறது.

இங்கே ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். ஒருவருக்குமே பெயரைச் சொல்லாமல் இருப்பது ஒன்று. நம்பிக்கையான ஒருவருக்குச் சொல்லி, எதிராளிக்குத் தெரியாமல் வைப்பது மற்றொன்று. தொழிலாளிக்கு உண்மையில் வேண்டியது பெரும்பாலும் இரண்டாவதுதான். இது புதிய சலுகையும் அல்ல. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 81ஆவது ஒப்பந்தம், 1947இல் செய்தது, தெளிவாகச் சொல்கிறது: தொழிற்சாலை ஆய்வாளர் தனக்குப் புகார் தந்தவர் யார் என்பதை முற்றிலும் இரகசியமாக வைக்க வேண்டும்; அதுமட்டுமல்ல, புகார் வந்ததால்தான் சோதனைக்கு வந்தேன் என்றுகூட முதலாளியிடம் காட்டிக்கொள்ளக் கூடாது. இந்தியா 1949 ஏப்ரலிலேயே இதை ஏற்றுக் கையெழுத்திட்டது. “உங்கள் ஆள் ஒருவர்தான் எழுதியிருக்கிறார்” என்று முதலாளியின் தேநீரைக் குடித்துக்கொண்டே சொல்லும் ஆய்வாளர், இந்த நாடு உலகத்துக்குக் கொடுத்த வாக்கை மீறுகிறார் என்பதை நீங்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

நமது கல்கத்தா உயர்நீதிமன்றமும் 2013 நவம்பரில் அவிஷேக் கோயங்கா வழக்கில் ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருக்கிறது. தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டவர்களின் வீடு தேடிப் போய் மிரட்டுவது நாட்டில் சாதாரணமாகிவிட்டது. மனுதாரர் முழு விலாசம் தர வேண்டியதில்லை, அஞ்சல் பெட்டி எண் கொடுத்தால் போதும் என்றது நீதிமன்றம். பதில் போய்ச் சேர ஒரு வழி இருக்க வேண்டும், ஆள் போய்ச் சேர வழி இருக்க வேண்டியதில்லை. எவ்வளவு எளிமையான யோசனை பாருங்கள்!

இப்போது இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. புதிதாக ஒரு மின்னஞ்சல் கணக்கு தொடங்கிவிட்டால் யாருக்கும் தெரியாது என்று எண்ணிக்கொள்ளாதீர்கள். கணக்கு தொடங்கக் கொடுத்த கைபேசி எண் உங்கள் ஆதாரில் வாங்கிய சிம். நீங்கள் எந்த இணைப்பிலிருந்து உள்ளே போனீர்கள் என்ற ஐபி முகவரி கம்பெனியிடம் பதிவாகிறது. இன்டர்நெட் கடைக்குப் போனால், 2011ஆம் ஆண்டு விதிகளின்படி அடையாள அட்டையைப் பார்த்து எழுதி ஒரு வருஷம் வைத்திருக்க வேண்டும். ஐபி முகவரியை மறைக்கும் வி.பி.என். சேவைகளும் வாடிக்கையாளர் விவரத்தை ஐந்து வருஷம் வைத்திருக்க வேண்டும் என்று 2022இல் உத்தரவு வந்தது. அதனால் சில வெளிநாட்டுக் கம்பெனிகள் தங்கள் சர்வர்களை இந்தியாவிலிருந்து எடுத்துக்கொண்டு போய்விட்டன. பின்லாந்தில் யோஹான் ஹெல்சிங்கியஸ் என்பவர் 1993இல் ஒரு சேவை நடத்தினார். நீங்கள் அனுப்புவதை வாங்கி, பெயரை எடுத்துவிட்டு, ஓர் எண்ணைப் போட்டு அனுப்புவார். ஆனால் எந்த எண் யாருடையது என்ற பட்டியல் அவரிடம் இருந்தது. 1995இல் போலீஸ் வந்தது, ஒரு பெயரைக் கொடுக்க வேண்டியதாயிற்று. 1996இல் சேவையையே மூடிவிட்டார். சுவிட்சர்லாந்தின் புரோட்டான் மெயிலும் 2021இல் நீதித்துறை உத்தரவுக்குக் கட்டுப்பட்டு, பிரான்ஸ் நாட்டுச் சுற்றுச்சூழல் போராளி ஒருவரின் ஐபி முகவரியைப் பதிவு செய்து கொடுத்தது. பட்டியல் ஒரு பெட்டியில் இருக்கும் வரை அதற்குச் சாவியும் எங்கோ இருக்கிறது.

இவை எல்லாம் போலீஸ் தேடினால். ஒப்பந்தக்காரர் தேடுவதற்கு இவ்வளவு வித்தை தேவையில்லை. சீட்டைப் படமெடுத்தபோது பின்னால் தெரிந்த சுவர் போதும். படத்துக்குள்ளேயே எடுத்த நேரமும் இடமும் சில சமயம் ஒளிந்திருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக நம் மொழி! நாற்பது பேர் வேலை செய்யும் இடத்தில் தமிழர் நான்கு பேர்தான் என்றால், தமிழில் எழுதிய மொட்டைக் கடிதம் பாதிக் கையெழுத்துப் போட்ட கடிதம். ஆங்கிலத்தில் எழுதினாலும் நம் ஆங்கிலம் நம்மைக் காட்டிக்கொடுக்கும். நம்மோடு வேலை செய்யும் பீகார்த் தோழரோ முர்ஷிதாபாத் தோழரோ பேச்சில் தெரிந்துவிடுவது போலத்தான்.

மறுபக்கத்தின் அசிங்கத்தையும் மூடிமறைக்க மாட்டோம். 2024 பிப்ரவரியில் சென்னையில் பல தனியார் பள்ளிகளுக்குக் குண்டு வைத்திருப்பதாகப் பெயரில்லா மின்னஞ்சல் வந்தது. ஏப்ரலில் இங்கே கொல்கத்தாப் பள்ளிகளுக்கு வந்தது. மே முதல் தேதி டில்லியில் நூற்றுக்கு மேற்பட்ட பள்ளிகளுக்கு வந்தது. எங்கும் குண்டு இல்லை. ஆனால் அன்று காலையில் வேலைத்தலத்திலிருந்து பள்ளி வாசலுக்கு ஓடிய தாய்மார்களின் வயிறு எரிந்தது பொய்யா? பெங்களூரில் ஒரு கம்பெனியின் பெண் ஊழியர்களைப் பற்றி ஆபாசமான மின்னஞ்சல்களும் போலிப் படங்களும் வந்த வழக்கில், புரோட்டான் மெயிலை நாட்டில் தடை செய்ய நடவடிக்கை எடுக்கும்படி கர்நாடக உயர்நீதிமன்றம் 2025 ஏப்ரலில் மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. ஒரு கயவன் மறைந்திருந்து செய்ததற்காக, அதே சேவையை நியாயமாகப் பயன்படுத்துகிறவர்களின் கேடயத்தையும் பிடுங்குவது சரியா என்ற கேள்வி இருக்கிறது. அந்தப் பெண்களிடம் போய் அந்தக் கேள்வியைக் கேட்க எங்களுக்கு வாய் வராது. பெயரை மறைத்து மிரட்டுவது பழைய தண்டனைச் சட்டத்தில் 507ஆவது பிரிவு. 2024 ஜூலையிலிருந்து புதிய சட்டத்தின் 351ஆவது பிரிவில் இருக்கிறது. மிரட்டலுக்கான தண்டனையோடு கூடுதலாக இரண்டு வருஷம் வரை.

சரி, நமக்கு வந்த இரண்டு கடிதங்களுக்கு வருவோம்.

முதல் கடிதத்தை எழுதியவர் யார் என்று தெரியாமலே அது உண்மையா என்று பார்க்க முடியும். அதைத்தான் செய்தோம். அந்த ஒப்பந்தக்காரரிடம் வேலை செய்கிற குடும்பங்கள் நம்மில் ஒன்பது. “நீயா எழுதினாய்” என்று ஒருவரையும் கேட்கவில்லை. அவரவர் கைபேசியில் வைப்புநிதிக் கணக்கைத் திறந்து பார்க்கச் சொல்லிக் கொடுத்தோம். ஏழு பேர் கணக்கில் பல மாதங்களாக ஒன்றும் ஏறவில்லை. இரண்டு பேருக்குக் கணக்கு எண்ணே இல்லை. ஓர் ஒற்றனை இன்னோர் ஒற்றனால் சரிபார்ப்பது என்றால் இதுதான். இனி அந்தக் கடிதம் நமக்குத் தேவையில்லை. சம்பளச் சீட்டும் கணக்கும் நம் கையில் இருக்கின்றன. தொழிலாளியிடம் பிடித்த பணத்தைக் கட்டாமல் வைத்துக்கொள்வது நம்பிக்கை மோசடிக் குற்றம். அதை நிரூபிக்க மொட்டைக் கடிதக்காரர் கூண்டில் ஏற வேண்டியதில்லை.

இரண்டாவது கடிதம் உண்மையா பொய்யா என்று பார்க்க ஒரே வழி, அந்தப் பெண்ணைப் பின்தொடர்ந்து வேவு பார்ப்பது. அந்த வேலைக்கு இந்தச் சங்கம் பிறக்கவில்லை. அதில் கூலி இல்லை, சுரண்டல் இல்லை, எவருடைய பணமும் பறிபோகவில்லை. ஒரு பெண் எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறாள் என்பது மட்டும் இருக்கிறது. கடிதத்தை அழித்துவிட்டோம். அதற்கு முன் அந்தத் தங்கையை நமது மகளிர் குழுவைச் சேர்ந்த இரண்டு அம்மாமார் போய்ப் பார்த்து, இப்படி ஒன்று வந்தது, நாங்கள் நம்பவில்லை, போலீசுக்குப் போக வேண்டும் என்று நீ நினைத்தால் நகல் தருகிறோம் என்று சொன்னார்கள். வேண்டாம் என்றார். அவர் விருப்பம். எழுதியவர் இந்தக் கூட்டத்திலேயே உட்கார்ந்திருக்கலாம். நாங்கள் தேடப் போவதில்லை.

நமது பொருளாளர் ஐயா இதில் ஒரு ஆட்சேபணை பதிவு செய்திருக்கிறார். அதை மறைப்பது முறையல்ல. “இன்றைக்கு ஒப்பந்தக்காரர், நாளைக்கு நான் சந்தாப் பணத்தைத் தின்றுவிட்டேன் என்று ஒருவன் பெயரில்லாமல் எழுதுவான். அப்போது என்னை எதிர்த்து நிற்பவன் முகத்தை நான் பார்க்க வேண்டாமா?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. குற்றம் சாட்டப்பட்டவருக்குக் குற்றச்சாட்டு முழுதும் தெரிய வேண்டும், பதில் சொல்ல அவகாசம் வேண்டும், காகிதச் சான்று இல்லாமல் வெறும் சொல்லை வைத்து யார் மேலும் நடவடிக்கை கூடாது என்று தீர்மானத்தில் சேர்த்திருக்கிறோம். சந்தாக் கணக்கைப் பொறுத்தவரை, அடுத்த மாதத்திலிருந்து வரவு செலவு இந்த ஏட்டிலேயே அச்சாகும். அவருக்கு இன்னும் முழுத் திருப்தி இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

கடைசியாக, வைப்புநிதி அலுவலகத்துக்குப் போகும் மனு. இதில் யார் கையெழுத்து? அந்த ஒன்பது குடும்பமும் போட்டால் அடுத்த நாள் ஒன்பது பேருக்கும் வேலை இருக்காது. பழைய காலத்தில் ஆங்கிலேயக் கப்பல் மாலுமிகள் இதற்கு ஓர் உபாயம் வைத்திருந்தார்கள். காப்டனுக்கு எதிராக மனுக் கொடுத்தால் முதல் பெயர் போட்டவனைத் தலைவன் என்று பிடித்துத் தூக்கில் போடுவான். ஆகவே ஒரு வட்டம் வரைந்து சக்கரத்து ஆரம் போலச் சுற்றிலும் கையெழுத்துப் போட்டார்கள். எது முதல், எது கடைசி என்று யாராலும் சொல்ல முடியாது.

நமது மனு சங்கத்தின் தலைப்பிட்ட தாளில், நிர்வாகிகள் பொறுப்பில் திங்கட்கிழமை போகிறது. அதோடு ஒரு வட்டக் கையெழுத்துத் தாளும் போகும். அந்த ஒப்பந்தக்காரரைக் கண்ணால் பார்த்திராத ரயில்வேக்காரர், ஓட்டல்காரர், துறைமுகத்தில் வேலை செய்கிறவர், வீட்டிலிருக்கும் தாய்மார் எல்லோரும் அதில் போட வேண்டும். போட்டால்தான் அந்த ஒன்பது பெயர் கூட்டத்தில் கரையும். தாள் வாசல் பக்கத்து மேஜையில் விரித்து வைத்திருக்கிறது. தேநீர் அதற்கு எதிர்ப்புறம். பேனா மூன்று இருக்கின்றன, தயவுசெய்து திருப்பி வைத்துவிட்டுப் போங்கள்.